ஆள் இல்லாத நேரத்தில் செருப்பு, சோபா, வயர் எல்லாவற்றையும் கடிக்கும் நாய்: சலிப்பா, பயமா?

புங்கோல்_மாடிவீடு:

வணக்கம். சிங்கப்பூர்ல வீவக (அரசு அடுக்குமாடி) நாலறை வீடு, ஒன்பதாவது மாடி. தத்தெடுத்த சிங்கப்பூர் ஸ்பெஷல் (உள்ளூர்க் கலப்பின நாய்), ஆண், 14 மாதம், 15 கிலோ, கருத்தடை ஆயிடுச்சு. நாங்க ரெண்டு பேரும் காலைல 8 மணிக்குக் கிளம்பினா வீடு திரும்ப 6.30 ஆயிடும். பணிப்பெண் இல்ல.

ரெண்டு மாசமா எல்லாத்தையும் கடிக்குது. வாசல் அலமாரில இருந்த ரப்பர் செருப்பு மூணு ஜோடி, சோபாவோட வலது கைப்பிடி, டிவி ரிமோட், ஹால் சுவர் ஓரத்து ஸ்கர்ட்டிங் (அடிப்பட்டை). நேத்து ரவுட்டர் பக்கத்துல இருந்த வயர். நாங்க வீட்ல இருக்கும்போது ஒண்ணும் செய்யாது. திட்டினா தலையைக் குனிஞ்சு காதை மடக்கி, தப்புன்னு தெரிஞ்ச மாதிரிதான் நிக்குது. மறுநாள் திரும்பவும் அதே.

காலைல 15 நிமிஷம், ராத்திரி 20 நிமிஷம் நடை. பந்து, கயிறு, நைலான் எலும்புன்னு பொம்மை 11 இருக்கு, எதையும் தொடறதில்ல. சோபாவுல மிளகாய்த் தண்ணி தெளிச்சோம், பலன் இல்ல. இன்னொரு நாய் வந்தா துணையா இருக்கும்னு சிலர் சொல்றாங்க. கூண்டுல அடைக்கலாமா? எதுலேருந்து ஆரம்பிக்கிறது?

வாலாட்டி:

14 மாதத்தில் பல் முளைக்கும் அரிப்பைக் காரணம் சொல்ல முடியாது. குட்டியின் 28 பால் பற்கள் மூன்றரை, நான்கு மாதத்தில் விழத் தொடங்கும். ஏழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்களும் வந்துவிடும். ஆக, மிச்சம் இருப்பது இரண்டு: சலிப்பு, அல்லது தனியாக விடப்படும் பயம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். வைத்தியம் நேர் எதிர். அதனால் எதையும் வாங்குவதற்கு முன் ஒரு பழைய கைப்பேசியை அலமாரி மேல் வைத்து மூன்று வேலைநாள் பதிவு செய்யுங்கள்.

பதிவில் பார்க்கவேண்டியது நேரமும் இடமும். கதவைச் சாத்திய முதல் அரை மணிக்குள் தொடங்கி, கடித்த தடமெல்லாம் வாசல் கதவு, கதவு நிலை, சன்னல் ஓரம் என்று வெளியேறும் வழிகளிலேயே இருந்தால், கூடவே எச்சில் ஒழுகல், ஊளை, நடுக்கம், மூச்சிரைப்பு இருந்தால், அது பயம். இன்னொரு சோதனை: கிளம்பும்போது வேகவைத்த கோழித்துண்டு ஐந்தாறு போட்டுவிட்டுப் போங்கள். பயந்த நாய் அதைத் தொடாமலே இருந்து, நீங்கள் திரும்பி வந்த பிறகுதான் தின்னும். சலித்த நாய் முதலில் கோழியைத் தின்று, இரண்டு மூன்று மணி நேரம் தூங்கி, பிறகு எழுந்து சோம்பல் முறித்துவிட்டுச் சுற்றத் தொடங்கும். அப்புறம் கண்ணில் பட்டதை எடுக்கும். நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலில் கதவும் சன்னலும் இல்லை. எனக்குச் சலிப்பு என்றுதான் படுகிறது, ஆனாலும் பதிவைப் பாருங்கள்.

11 பொம்மை இருந்தும் செருப்பு ஏன்? செருப்பிலும் ரிமோட்டிலும் சோபாக் கைப்பிடியிலும் உங்கள் வியர்வை வாசம் ஏறியிருக்கிறது. அதைவிட முக்கியமானது கடித்தால் என்ன நடக்கிறது என்பது. ரப்பர் செருப்பு பல்லுக்கடியில் அமுங்கி எழும்பும். சோபாத் துணியில் ஒரு முனை கிளம்பிவிட்டால், முன்பற்களால் கவ்வி இழுக்க இழுக்க நுரை துண்டு துண்டாக வரும். கடித்த சோபாக் கைப்பிடியைக் கிட்டத்தில் பாருங்கள்: தையல் ஓரத்தில்தான் தொடங்கியிருக்கும், வழவழப்பான நடுப்பகுதியில் தொடங்கியிருக்காது. ரிமோட் படக்கென்று உடையும், உள்ளே இன்னும் ஏதோ இருக்கும். நைலான் எலும்பை ஒரு மணி நேரம் கடித்தாலும் அது அப்படியே இருக்கிறது, வாசமும் இல்லை. நாய்க்கு அதில் வேலையே இல்லை. எனவே பல்லுக்குப் பதில் சொல்கிற பொருளை, கடிக்கலாம் என்று நீங்கள் அனுமதித்த பொருளை, அது விழித்தெழும் நேரத்தில் கிடைக்கச் செய்யவேண்டும்.

குனிந்து நிற்பதைக் குற்ற உணர்வு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாய்களின் அறிவாற்றலை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த முகபாவம் நாய் தப்புச் செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை. உரிமையாளர் திட்டினாரா என்பதைப் பொறுத்தே வந்தது. நாய் மதியம் கடித்ததற்கு மாலையில் திட்டினால், நீங்கள் வீட்டுக்கு வருவதே அதற்குப் பயமாகிவிடும். சலிப்போடு பயமும் சேர்ந்தால் வேலை இரட்டிப்பு.

கூண்டு: பத்தரை மணி நேரத்துக்குக் கூடவே கூடாது. கூண்டுக்குப் பழகாத நாயைத் திடீரென்று அடைத்தால் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். அதற்குப் பதில் படுக்கையறைக் கதவுகளைச் சாத்தி, ஹாலில் டிவி, ரவுட்டர் இருக்கும் பக்கத்தை 80 சென்டிமீட்டர் உயரத் தடுப்பு வேலியால் மறித்துவிடுங்கள். செருப்பு அலமாரிக்குக் கதவு போடுங்கள், அல்லது செருப்பெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் போகட்டும். வேலியின் கம்பி இடைவெளியில் ரிமோட் எட்டும் தூரத்தில் இருந்தால் வேலி போட்டதே வீண்.

இன்னொரு நாய்: வீவக வீட்டில் ஒரு நாய்க்குத்தான் அனுமதி, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. காண்டோவில் (தனியார் அடுக்குமாடியில்) இருப்பவர்களுக்கும் சொல்கிறேன், சலித்த நாய்க்குத் துணை கொண்டுவந்தால் பல சமயம் சலித்த நாய்கள் இரண்டு ஆகின்றன.

கசப்பாக ஒன்று சொல்லவேண்டும். பத்தரை மணி நேரத் தனிமையை எந்தப் பொம்மையாலும் நிரப்ப முடியாது. வளர்ந்த நாய்க்கு நாலிலிருந்து ஆறு மணி நேரம் நியாயமான எல்லை. சிறுநீரையும் அதுவரைதான் அடக்கச் சொல்லலாம். மதியம் 12.30, 1 மணிக்கு அரை மணி நேரம் யாராவது வரவேண்டும்: நாய் நடத்திச் செல்லும் ஆள், நாய்க்குப் பழகிய பக்கத்து வீட்டுக்காரர், அல்லது வாரத்தில் இரண்டு நாள் பகல்நேரக் காப்பகம்.

தீனிக்கிண்ணம்:

பொம்மைக்குள் தீனி அடைப்பதைப் பற்றி விவரமாகவே எழுதுகிறேன். பலர் வாங்கி, ஒரு வாரத்தில் மூலையில் போட்டுவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: முதல் நாளே உறையவைத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

கோங் மாதிரி உள்ளே வெற்றிடம் உள்ள கூம்பு ரப்பர் பொம்மை இரண்டு வாங்குங்கள். 15 கிலோ நாய்க்குச் சின்ன அளவு ஆகாது. கோரைப்பல்லுக்குப் பின்னால் முழுசாக உள்ளே போகிற அளவாக இருந்தால் தொண்டையில் சிக்கும். பொம்மைக்குக் கட்டாயம் இரண்டு துளை வேண்டும். ஒரே துளை உள்ள பந்தில் நாக்கை நுழைத்துச் சப்பும்போது உள்ளே காற்று வெளியேறி, நாக்கை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். நாக்கு வீங்கி மருத்துவமனைக்கு ஓடவேண்டிவரும்.

ஒரு நாளைக்கு 200 கிராம் கிபிள் (உலர்ந்த உருண்டைத் தீனி) என்று வைத்துக்கொள்வோம், காலைப் பங்கு 100. அதில் 30 கிராம் கிண்ணத்தில், 70 கிராம் பொம்மைகளில். தனியாக எதுவும் கூட்டவேண்டாம். சேர்க்கும் சுவைப்பண்டம் எல்லாம் சேர்ந்து அன்றைய கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் எடை ஏறும்.

முதல் மூன்று நாள் உலர்ந்த கிபிளை அப்படியே போட்டுக் கொடுங்கள், நீங்கள் வீட்டில் இருக்கும்போதே. உருட்டினால் கொட்டவேண்டும். உருட்டினால் சாப்பாடு வரும் என்பதை நாய் கற்றுக்கொள்ளும் கட்டம் இது. நாலாம் நாளிலிருந்து 70 கிராமை 90 மில்லி வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, வேகவைத்து மசித்த பரங்கிக்காய் இரண்டு மேசைக்கரண்டி கலந்து, தளர்வாக நிரப்புங்கள். அழுத்தித் திணித்தால் நாக்கு எட்டாத அடியில் கொஞ்சம் தங்கி, மறுநாள் புளித்து நாறும். பெரிய துளையை இனிப்புச் சேர்க்காத தயிராலோ அரை வாழைப்பழ மசியலாலோ மூடலாம். இரண்டாவது வாரம்தான் உறைபெட்டி: கோப்பைக்குள் நிமிர்த்தி வைத்து நாலு மணி நேரம், அல்லது இரவு முழுக்க.

உறைந்த பொம்மை ஒன்று 20 முதல் 40 நிமிடம் தாக்குப்பிடிக்கும். ஒன்றை நீங்கள் செருப்பு மாட்டுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே கொடுத்துவிடுங்கள். இரண்டாவதை ஒரு அட்டைப்பெட்டிக்குள் வைத்து, கசக்கிய காகிதத்தால் மூடி, மூலையில் வையுங்கள். தூங்கி எழுந்ததும் அது மூக்கால் தேடிக் கண்டுபிடிக்கும். பெட்டியைக் கிழிக்கும், கிழிக்கட்டும், அதற்காகத்தான் வைக்கிறோம். ஒட்டுநாடா, ஸ்டேப்பிள் ஊசி, பளபளப்புப் பூச்சு உள்ள அட்டை வேண்டாம். முதலில் சில தடவை நீங்கள் இருக்கும்போது கொடுத்துப் பாருங்கள். கிழித்துத் துப்பும் நாய்க்கு அட்டை கொடுக்கலாம், விழுங்கும் நாய்க்குக் கூடாது.

இந்த ஊரில் எறும்பு ஒரு தனிப் பிரச்சினை. ஓரத்தில் ஒரு விரற்கடை தண்ணீர் ஊற்றிய பெரிய தட்டின் நடுவில் சின்னத் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் பெட்டியை வைத்தால் எறும்பு ஏறாது. மாலை வந்ததும் பொம்மையைப் பாட்டில் தூரிகையால் வெந்நீரில் தேய்த்துக் கழுவி, துளை கீழ்நோக்கிக் காயவையுங்கள். நம் ஈரப்பதத்துக்கு ஒரு நாள் விட்டாலே உள்ளே பூஞ்சை பிடிக்கும். கயிற்றுப் பொம்மைக்கும் அதே கதி. நார் பிரியத் தொடங்கினால் தூக்கிப் போடுங்கள். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கிக் கிழித்துவிடும்.

வீட்டுச் சமையலில் எடுத்து அடைப்பவர்களுக்கு: சாம்பார் சாதம், குழம்பு ஊற்றிய இட்லி வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வெந்திருந்தாலும்தான். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்த கடலை வெண்ணெய், எதுவும் கூடாது. குழம்பில் வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடையும். மாங்கொட்டையும் சோளக்கட்டையும் குடலை அடைக்கும்.

கடிக்கக் கொடுக்கும் பொருள் எவ்வளவு கடினமாக இருக்கலாம் என்பதற்கு எளிய அளவுகோல் உண்டு. கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் கொஞ்சமாவது பதியவேண்டும். மான்கொம்பு, மாட்டுத்தொடை எலும்பு, குளம்பு, உங்களிடம் இருக்கும் அந்த நைலான் எலும்பு, இவற்றில் பதியாது. மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல் பலகை மாதிரிப் பிளக்கிறதே, அது இவற்றால்தான்.

ஈசூன்_வயரிங்:

சகோ, ரவுட்டர் பக்கத்துல எந்த வயரைக் கடிச்சுதுன்னு முதல்ல பாருங்க. மெல்லிசா வெள்ளையா இருக்கிறது ஃபைபர்னா ஷாக் அடிக்காது, ஆனா உள்ள கண்ணாடி இழை. துண்டு கிடந்தா கையால எடுக்காம ஒட்டுநாடாவால ஒத்தி எடுங்க. அடாப்டருக்கு முன்னாடி இருக்கிற வயர்னா 230 வோல்ட், அது விளையாட்டு இல்ல.

ஆர்சிசிபி (மின்கசிவு வந்தா மின்சாரத்தைத் துண்டிக்கிற சுவிட்ச்) இருக்கே, அது பாத்துக்கும்னு நினைக்கிறவங்க அதிகம். அது 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் தரைக்குக் கசிஞ்சாதான் விழும். நாய் ஒரே கடியில லைவையும் நியூட்ரலையும் சேர்த்துக் கடிச்சா, வாய் வழியா ஒரு கம்பியிலேருந்து மறு கம்பிக்குப் போற மின்சாரத்தை அது கசிவாவே பார்க்காது. அதுக்காக இல்லாமலும் இருக்கக்கூடாது. 1985 ஜூலைக்கு முன்னாடி கட்டின வீட்ல இல்லாம இருக்கலாம், அதைப் பொருத்த அவங்களுக்குக் கொடுத்த அவகாசமும் 2025 ஜூலை 1-ஓட முடிஞ்சது. இல்லாதவங்க உரிமம் உள்ள மின்பணியாளரைக் கூப்பிட்டுப் போடுங்க. இருக்கிறவங்க மாசம் ஒருதடவை டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க.

நம்ம ஊர் சாக்கெட்டுல சுவிட்ச் இருக்கிறது பெரிய வசதி. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது டிவி, சார்ஜர், ஸ்டாண்ட் ஃபேன் எல்லாத்தையும் சாக்கெட்டுலயே அணைங்க. ரவுட்டர், ஃபிரிட்ஜ் மட்டும் ஓடட்டும், அந்த ரெண்டு வயரும் நாய் எட்டாத இடத்துல இருக்கணும்.

மத்த வயருக்கு ஹார்ட்வேர் கடைல வெள்ளை பிவிசி டிரங்கிங் (வயரை உள்ள வச்சு மூடுற குழாய்) கிடைக்கும். 25க்கு 16 மில்லிமீட்டர் அளவுல மூணு வயர் போகும். பின்னாடி இருக்கிற ஒட்டுப்பசையை நம்பாதீங்க, இந்த ஈரத்துல பெயிண்ட்டோட சேர்ந்து உரிஞ்சு வந்துடும். 40 சென்டிமீட்டருக்கு ஒரு ஸ்குரூ போடுங்க, டிரில் பண்றதுக்கு முன்னாடி சுவருக்குள்ள வயர் போற பாதையைப் பாத்துக்குங்க. நாய் நேர் பகுதியைக் கடிக்காது, பல்லு வழுக்கும். வெட்டின முனையும் மூலையும்தான் அதுக்குப் பிடி. அதனால முனைமூடி, மூலைத்துண்டு ரெண்டும் கட்டாயம் மாட்டுங்க. எக்ஸ்டென்ஷன் பலகையைத் தரையில விடாம டிவி மேசைக்குப் பின்பக்கம் திருகி மாட்டிடுங்க.

கடிச்சு ஷாக் அடிச்சிருந்தா முதல்ல மெயின் சுவிட்சை அணைக்கணும், அதுக்கப்புறம்தான் நாயைத் தொடணும். வாயில கருகின தடம் சின்னதா இருந்தாலும், எழுந்து சாதாரணமா நடந்தாலும், மருத்துவர்கிட்ட கொண்டுபோங்க. நுரையீரல்ல நீர் கோக்கிறது பல மணி நேரம் கழிச்சும் வரும்.

அப்புறம் அந்த ரிமோட். பட்டன் பேட்டரி போட்ட ரிமோட்டா இருந்து பேட்டரி காணோம்னா, அந்த நிமிஷமே 24 மணி நேர மருத்துவமனைக்குக் கிளம்புங்க. உணவுக்குழாயில ஒட்டிக்கிட்டா கால் மணி, அரை மணிக்குள்ளயே சதையை எரிக்க ஆரம்பிச்சுடும். வாந்தி எடுக்க வைக்காதீங்க, உப்புத்தண்ணி கொடுக்கவே கொடுக்காதீங்க.

வேப்பங்காய்:

மிளகாய்த் தண்ணீரை இன்றோடு விட்டுவிடுங்கள். சோபாவில் தெளித்தது நாயின் மூக்கிலும் முன்னங்காலிலும் ஒட்டும், அந்தக் காலால் கண்ணைத் தேய்த்துக்கொள்ளும். தண்ணீர் காய்ந்த பிறகு தூள் மேலாக நின்று, மின்விசிறிக் காற்றில் உங்கள் மூக்கிலும் ஏறும். டீ ட்ரீ எண்ணெயைப் பூசச் சொல்லும் குறிப்புகள் நிறையச் சுற்றுகின்றன. நாய்க்கும் பூனைக்கும் அது நஞ்சு.

கடைகளில் விற்கும் கசப்புத் தெளிப்பான் பாதுகாப்பானது, ஆனால் சரியாகப் பயன்படுத்தினால்தான் பலன். முதலில் பஞ்சில் கொஞ்சம் நனைத்து நாயிடம் நீட்டுங்கள். வாயில் எடுத்துத் தலையை உதறித் துப்பினால் அதற்கு அந்தக் கசப்பு பிடிக்கவில்லை, வேலை செய்யும். சில நாய்கள் கசப்பையும் நக்கிவிட்டுப் போகும், அவற்றுக்குக் காசு செலவழிக்கவேண்டாம். வேலை செய்தால் சோபாத் தையல் ஓரம், ஸ்கர்ட்டிங் மூலை, மேசைக்கால் என்று கடிக்கிற முனைகளில் மட்டும் தினமும் தெளியுங்கள். வாரம் ஒருமுறை தெளித்துவிட்டுப் பலனில்லை என்பவர்கள் அதிகம். துணியில் கறை விழுகிறதா என்று பின்பக்கத்தில் பார்த்துக்கொண்டு செய்யுங்கள். பக்கத்திலேயே கடிக்கக்கூடிய ஒன்று இல்லாவிட்டால், கசப்பான சோபாவிலிருந்து கசப்பில்லாத நாற்காலிக்குப் போகும், அவ்வளவுதான்.

வீட்டில் இருக்கும்போது எதையாவது கவ்விக்கொண்டு ஓடினால் துரத்தாதீர்கள். துரத்துவது அதற்குப் பிடித்த விளையாட்டு. ஒரு துண்டு கோழியைத் தரையில் போட்டு, வாய் திறக்கும் நொடியில் “விடு” என்று சொல்லி, அது தின்றுகொண்டிருக்கும்போது பொருளை எடுங்கள். கடிக்க அனுமதித்த பொருளை வைத்தும் இதைப் பழக்குங்கள்: வாங்கி, கோழி கொடுத்து, அதே பொருளைத் திருப்பிக் கொடுங்கள். விட்டால் போய்விடாது என்று தெரிந்த நாய் ஒளித்து விழுங்காது.

காலைநடை:

நடை 15 நிமிடம் என்பது குறைவுதான், ஆனால் நிமிடத்தை விட அதில் மூக்குக்கு எவ்வளவு வேலை என்பது பெரிய விஷயம். கழுத்தை இழுத்துக்கொண்டு புளோக்கைச் சுற்றி வருவதை நடை என்று நாய் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. காலை 6.45-க்கு இறங்கினால் 35 நிமிடம் கிடைக்கும். அதில் பாதி நேரம் நாய் போகும் திசையில், அது நிற்கும் இடத்தில் நில்லுங்கள். ஒரு விளக்குக்கம்பத்தை மூன்று நிமிடம் மோந்தாலும் இழுக்கவேண்டாம். பொது இடத்தில் கயிறு கட்டாயம் என்பதால் புல்வெளியில் 5 மீட்டர் நீளக்கயிறு நல்லது, சைக்கிள் போகும் இணைப்புப் பாதையில் சுருக்கிப் பிடியுங்கள்.

மதியம் வருகிற ஆளிடம் சொல்லிவையுங்கள்: புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் சிமெண்டுப் பாதையில் நடத்தக்கூடாது. கீழே நிழலில் பத்து நிமிடம் போதும். மிச்ச 20 நிமிடம் வீட்டுக்குள் துண்டு விளையாட்டு: குளியல் துண்டில் ஒரு கைப்பிடி கிபிளைத் தூவி, இறுக்கமில்லாமல் சுருட்டி, நடுவில் ஒரு முடிச்சு. சனி, ஞாயிறில் பீஷான் அங் மோ கியோ பூங்காவிலோ ஜூரோங் லேக் கார்டன்ஸிலோ நாய் ஓடுதளம் இருக்கிறது. வெயில் ஏறுமுன் போங்கள். பந்தை மட்டும் நூறு தடவை எறியாதீர்கள். களைத்த மாதிரித் தெரியும், ஆனால் பரபரப்பு அடங்காமல் வீட்டுக்கு வந்து மறுபடி எதையாவது தேடும்.

அந்த 11 பொம்மையில் மூன்றை மட்டும் வெளியே வைத்து, மற்றதை மூடிய பெட்டியில் போடுங்கள். நாலைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றினால் பழையது புதிதாகும்.

தேக்கா_முயல்:

நாய் பற்றிய பேச்சில் நுழைவதற்கு மன்னிக்கவும். குட்டைமுயல், பெண், ஒரு வயது, ஒன்றரைக் கிலோ. ஸ்கர்ட்டிங்கையும் சார்ஜர் வயரையும் கொறிக்கிறது. பல் வளர்வதால்தான், மரக்கட்டை கொடுத்தால் சரியாகும் என்கிறார்கள். ஆப்பிள் குச்சி கொடுத்தும் ஸ்கர்ட்டிங்தான் வேண்டுமாம். என்ன செய்ய?

வைக்கோல்போர்:

மன்னிப்பெல்லாம் எதற்கு, இதுவும் அதே விஷயம்தான். முயலின் 28 பற்களும் வாழ்நாள் முழுக்க வளரும், முன்பல் வாரத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு. ஆனால் பல்லைத் தேய்ப்பது கட்டை இல்லை, புல். திமொத்திப் புல்லை மெல்லும்போது தாடை பக்கவாட்டில் அரைக்கிறது, புல்லில் இருக்கும் சிலிக்கா கடைவாய்ப் பல்லைத் தேய்க்கிறது. கட்டையைக் கொறிக்கும்போது முன்பல்தான் வேலை செய்கிறது. உணவில் எண்பது விழுக்காடு உலர்புல், தினமும் முயலின் உடம்பளவு ஒரு குவியல், தீர்ந்துபோகவே கூடாது. உருண்டைத் தீனியைக் கிண்ணம் நிறையக் கொடுத்தால் வயிறு சீக்கிரம் நிறைந்து புல்லைத் தொடாது. மிச்ச நேரத்தில் வாய் சும்மா இருக்கும், அப்போதுதான் ஸ்கர்ட்டிங். ஒன்றரைக் கிலோவுக்கு உருண்டை ஒரு நாளைக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும், அதையும் புல்லுக்குள் தூவுங்கள்.

புல்லைத் தின்னவில்லை என்றால் முகர்ந்து பாருங்கள். இங்கே திறந்து வைத்த பை இரண்டு வாரத்தில் ஈரம் இழுத்து, பச்சை வாசம் போய்த் தூசி வாசம் வரும். ஒரு வாரத்துக்கானதை மட்டும் வெளியே எடுத்து, மிச்சத்தை ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். பூஞ்சை வாசம் இருந்தால் மொத்தத்தையும் கொட்டுங்கள்.

பெண் முயல், ஒரு வயது என்றீர்கள். கருத்தடை செய்யவில்லை என்றால் தோண்டுவதும் கொறிப்பதும் பாதி அதனால்தான், வளை கட்டும் உந்துதல். மருத்துவரிடம் பேசுங்கள். கருப்பைப் புற்றுநோய் பெண் முயல்களில் அதிகம் என்பதால் அதற்காகவும் செய்யவேண்டியதே. தினமும் மூன்று நாலு மணி நேரம் கூண்டுக்கு வெளியே விடவேண்டும். பெரிய அட்டைப்பெட்டியில் முயல் நுழைகிற அளவைவிடக் கொஞ்சம் சின்னதாக இரண்டு ஓட்டை போட்டு உள்ளே புல் திணியுங்கள். ஓட்டையைத் தானே பெரிதாக்கிக்கொள்வதில் அதற்கு ஒரு வாரம் வேலை இருக்கும்.

வயர் விஷயத்தில் நாய்க்குச் சொன்ன டிரங்கிங்கை நம்பாதீர்கள். முயல் மெல்லிய பிவிசியை ஒரு ராத்திரியில் ஓட்டை போடும். வயரை ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏற்றுங்கள், அல்லது வேலி. எச்சில் ஒழுகினால், எடுத்த புல்லைக் கீழே போட்டால், அது பல்நோய். பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாமல் இருந்தால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது.

பூனை வைத்திருப்பவர்களுக்கும் இரண்டு வரி. சார்ஜர் வயரையும் பிளாஸ்டிக் பையையும் மெல்லும் பூனைக்குக் கோதுமைப்புல் வளர்த்துக் கொடுங்கள். தேக்கா (லிட்டில் இந்தியா) கடைகளில் முழுக் கோதுமை வாங்கி எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஆழமில்லாத தட்டில் மண் பரப்பி நெருக்கமில்லாமல் விதைத்தால் ஏழெட்டு நாளில் தயார். நெருக்கி விதைத்தால் அடியில் பூஞ்சை. பூ ஜாடியில் லில்லி இருந்தால் இன்றே வெளியேற்றுங்கள், அதன் மகரந்தம் பட்ட உரோமத்தை நக்கினால்கூடப் பூனையின் சிறுநீரகம் போய்விடும். பூனை வாயிலிருந்தோ பின்னாலிருந்தோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம், அப்படியே மருத்துவரிடம்.

புங்கோல்_மாடிவீடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மூணு நாள் பதிவு பாத்தோம். கோழித்துண்டு ரெண்டு நிமிஷத்துல காலி. 8.20-லேருந்து தூக்கம். எழுந்திரிக்கிறது 10.50-க்கு, அப்புறம் 3.40-க்கு. கடிக்கிறது அந்த ரெண்டு நேரம்தான். ரெண்டாவது நாள் 4 மணிக்கு வாசல் கம்பிக்கதவு பக்கம் போய் அஞ்சு நிமிஷம் குரைச்சது, லிஃப்ட் சத்தத்துக்குன்னு நினைக்கிறோம். கடிச்ச வயர் ஃபைபர்தான். மதியம் 1 மணிக்கு ஒருத்தரை ஏற்பாடு பண்ணியாச்சு. இனிமே?

வாலாட்டி:

சலிப்பேதான், நல்ல சேதி. உங்கள் கையில் இப்போது நேரமே இருக்கிறது. முதல் பொம்மையை 8 மணிக்கு, பெட்டிக்குள் ஒளித்த இரண்டாவது 10.50-க்கு. இன்னும் ஒரு பொம்மை வாங்கி, அந்த மூன்றாவதை மதியம் வருகிறவர் கிளம்பும்போது ஒளித்துவிட்டுப் போகட்டும், அது 3.40-க்கு. ஒளிக்கும் இடம் தினமும் மாறவேண்டும், இல்லாவிட்டால் 8.10-க்கே போய் எடுத்துவிடும். லிஃப்ட் சத்தத்துக்கு ஹாலின் கூரை மின்விசிறியை வேகமாக வைத்து, வானொலியை மெல்லிய ஒலியில் ஓடவிடுங்கள், மரக்கதவைச் சாத்திவிடுங்கள்.

முதல் வாரம் பதிவைத் தினமும் பாருங்கள். இரண்டாவது பொம்மையை எட்டு மணிக்கே தின்று முடித்திருந்தால் பெட்டிக்குள் பெட்டி வையுங்கள். பொம்மையை விட்டுவிட்டு அட்டையை விழுங்கினால் அட்டையை நிறுத்திவிட்டு, துண்டுச் சுருளுக்கு மாறுங்கள். நடுவில் ஒரு நாள் மறுபடி சோபாவைத் தொட்டால் பயப்படவேண்டாம், அன்று நடை குறைந்ததா, மதிய ஆள் வரவில்லையா என்று பாருங்கள். அநேகமாக அதுதான் இருக்கும்.

கடித்த சோபாக் கைப்பிடியை அப்படியே விடாதீர்கள். பிரிந்த தையலை ஊசி நூலால் மூடி, மேலே கனமான துணியை இறுக்கிச் செருகுங்கள். நுரை தெரிகிறவரை அது இழுக்கும். ஆறு வாரம் எதையும் கடிக்காமல் போனால் வேலியை ஒரு மீட்டர் பின்னுக்குத் தள்ளி இரண்டு வாரம் பாருங்கள், பிறகு இன்னொரு மீட்டர். ஒரேயடியாக எடுத்துவிட்டால் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று தெரியாது. செருப்பை அலமாரிக்குக் கடைசியில் கொண்டுவாருங்கள், முதலில் ஒரே ஒரு பழைய ஜோடி.